எலும்புக்குள் வைக்கும் மருந்து மணிகள்: தியேட்டருக்கு உள்ளே பார்த்தது, வெளியே சொல்ல வேண்டியது

எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் கூட வந்தவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “இன்னும் கொஞ்சம் பவரான ஊசியா போட்டா சரியாயிடாதா சிஸ்டர்?” சென்னையில் எலும்பு அறுவை சிகிச்சை தியேட்டரில் பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். வராந்தாவில் நின்றபடி இரண்டு வரியில் இதற்குப் பதில் சொல்லிவிட முடிவதில்லை. சமீப காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: “எலும்புக்குள்ளேயே மருந்து மணி வைக்கிறாங்களாமே, அதை வச்சா போதுமா?” இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆன்டிபயாட்டிக் கலந்த சின்ன உருண்டைகளான அந்த மணிகளைக் கையால் செய்து கொடுப்பவள். அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் என்ன பயத்தோடு திரும்பி வருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நரம்பில் ஏற்றும் மருந்து ரத்தத்தோடுதான் போகும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. சீழ் பிடித்த எலும்பில் சிக்கலே அங்கேதான். உள்ளே அழுத்தம் கூடக்கூட, எலும்புக்குள் ஓடும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபட்டு அந்தத் துண்டு செத்துப்போகிறது. செத்த துண்டு அங்கேயே கிடக்க, கிருமிகள் அதில் குடியேறுகின்றன. உடைந்த எலும்பைச் சேர்க்க வைத்த பிளேட், ராடு, ஸ்க்ரூ இருந்தால் அவற்றின் மேலும்தான். குடியேறிய பிறகு தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதற்கு பயோஃபிலிம் என்று பெயர். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, தனியாகத் திரியும் கிருமிக்குத் தேவைப்படுவதைவிட நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்குகூட மருந்து வேண்டும். அவ்வளவையும் ரத்தத்தில் ஏற்றினால் சிறுநீரகம் தாங்காது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அளவு மீறினால் காது கேட்பதும் பாதிக்கும். அதனால்தான் மருந்தை அந்தக் குழியிலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். குழிக்குள் மருந்தின் அளவு மிக அதிகமாக இருக்கும். ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. இதற்கு முன்னால் நடக்கவேண்டியதைத்தான் யாரும் கேட்பதில்லை. மணி வைப்பது கடைசி வேலை. அதற்கு முன் நடக்கும் சுத்தம் சரியில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மணியும் வீண். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்த ஒரு தம்பி வந்திருந்தான். பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ராடு போட்டு, காயமும் ஆறி, வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு காலின் முன்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்து சீழ் வடிந்தது. மாத்திரை சாப்பிட்டால் மூடிக்கொள்ளும், நிறுத்தினால் திறந்துகொள்ளும். அவனுடைய அம்மா, “மேலே பார்த்தா இத்தனூண்டு புண்ணுதாம்மா, இதுக்குப் போய் ஆபரேஷனா?” என்று கேட்டார். ஓட்டையின் அளவை வைத்து உள்ளே இருப்பதை எடைபோடவே முடியாது. அவனுக்குத் திறந்து பார்த்தபோது உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு துண்டு செத்துக் கிடந்தது.

செத்த எலும்பை ஒருமுறை பார்த்தால் மறக்காது. தந்தம் மாதிரி வெளுத்து, வறண்டு இருக்கும். சுரண்டினால் ரத்தமே வராது. உளி பட்டால் சத்தமும் வேறாகக் கேட்கும். நல்ல எலும்பு வரும்வரை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் அந்த வெள்ளைப் பரப்பில் புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசிய ஆரம்பிக்கும். அங்கே நிறுத்துவார். இந்தப் பொறுமை இருக்கிற சர்ஜனிடம் நிற்பது எங்களுக்குக் கால்வலிதான். ஆனால் அந்த நோயாளி திரும்ப அதே மேசைக்கு வருவது அபூர்வம்.

சுரண்டும்போதே மாதிரிகள் எடுக்க வேண்டும். ஐந்து இடத்திலிருந்தாவது, ஆழத்திலிருந்து, ஒவ்வொன்றுக்கும் தனி கருவி, தனி டப்பா. ஒரே கருவியால் ஐந்தையும் எடுத்தால் தோலிலிருந்த கிருமி ஐந்திலும் ஏறி, எது குற்றவாளி என்றே தெரியாமல் போகும். மேலே வடியும் சீழைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்பும் கல்ச்சரை (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) நம்பி மருந்தை முடிவு செய்யக் கூடாது. அதில் வரும் கிருமி பல நேரம் தோல்மேல் இருப்பது. எலும்புக்குள் இருப்பது வேறாக இருக்கும். இன்னொன்று, ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரமாவது ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொன்னால் பயந்துவிடாதீர்கள். மருந்து உடம்பில் இருந்தால் கல்ச்சரில் கிருமி வளராது. காய்ச்சல், நடுக்கம் என்று உடம்பு முழுக்கப் பரவியவர்களுக்கு இப்படி நிறுத்த மாட்டார்கள். மற்றவர்களுக்கு டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். நீங்களாக நிறுத்திவிட்டு வரக்கூடாது.

நம் ஊரில் எலும்பில் காசநோய் வருவதும் உண்டு. அதுவும் ஓட்டை விழுந்து வடியும். அதனால் கல்ச்சரோடு டிபி பரிசோதனைக்கும், திசுவை பயாப்சிக்கும் அனுப்பினார்களா என்று கேளுங்கள். பல வருடங்களாக வடிந்துகொண்டே இருக்கும் புண்ணின் ஓரத்தில் அரிதாகப் புற்றுநோயும் வரலாம். அதற்கும் பயாப்சிதான் வழி.

சுத்தம் முடிந்து, பல லிட்டர் சலைன் ஊற்றிக் கழுவிய பிறகு கையுறை, துணி, டிராலி எல்லாம் மாறும். அழுக்கு டிராலியில் இருந்த எதுவும் சுத்த டிராலிக்கு வரக்கூடாது. அப்புறம்தான் என் வேலை. பாக்கெட்டைப் பிரித்தால் வெள்ளை மாவு. கால்சியம் சல்ஃபேட். கை, காலில் கட்டுப்போடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் இதே பொருள்தான்; இது உடம்புக்குள் வைக்கும் அளவுக்குச் சுத்தமாகத் தயாரித்தது. அடிக்கடி நாங்கள் கலக்கும் அளவு, 10 சிசி பாக்கெட்டுக்கு 1 கிராம் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பொடி, 240 மில்லிகிராம் ஜென்டாமைசின். ஜென்டாமைசின் 80 மில்லிகிராம் ஆம்பூலாக வருவதால் மூன்று ஆம்பூல், மொத்தம் 6 மில்லி. முதலில் பொடியோடு பொடியைக் கலந்துகொண்டு அப்புறம் திரவத்தை ஊற்றி, அரை நிமிடம் போலக் கிளறினால் பசை மாதிரி வரும். குழி குழியாக இருக்கும் ரப்பர் அச்சில் அதை வழித்துத் தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பில்தான் அவசரம் கூடாது. எந்த மருந்து கலந்தோம் என்பதைப் பொறுத்து இறுகும் நேரம் மாறும். ஜென்டாமைசின் இருந்தால் தாமதமாகும், தியேட்டரில் ஏசி குளிர் அதிகமென்றால் இன்னும் தாமதமாகும். பாதியில் அச்சை வளைத்தால் மணிகள் பொடிந்துபோகும். நன்றாக இறுகியதும் அச்சைக் கவிழ்த்து வளைத்தால் கிண்ணத்தில் பொலபொலவென்று விழும். பார்க்க ஜவ்வரிசி போலவே இருக்கும். அதை டாக்டர் குழிக்குள் நிரப்புவார். இறுக்கித் திணிக்க மாட்டார். வாரக்கணக்கில் அது தானாகக் கரையும். கரையக் கரைய மருந்து வெளியே வரும். எடுப்பதற்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டாம்.

இதெல்லாம் நேற்று வந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியில் டிரீஸ்மான் என்ற மருத்துவர் கார்பாலிக் அமிலக் கரைசலில் குழைத்த பிளாஸ்டரை எலும்புக் குழியில் நிரப்பியதை 1892-லேயே எழுதியிருக்கிறார். 1970-இல் அதே நாட்டில் புக்ஹோல்ட்ஸ் என்பவர் செயற்கை மூட்டு ஒட்டும் சிமென்டில் ஜென்டாமைசின் கலந்ததைப் பதிவு செய்தார். அதைத் தொடர்ந்து கிளெம் என்பவர் அந்தச் சிமென்டைச் சின்ன மணிகளாக்கி, கம்பியில் கோத்து, சீழ் பிடித்த எலும்புக்குள் வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்.

அந்தச் சிமென்ட் மணி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கரையும் மணிக்குப் பணம் இல்லை என்று கூனிக் குறுகி நிற்கும் குடும்பங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். 40 கிராம் சிமென்ட் பாக்கெட்டில் வான்கோமைசின் பொடியைக் கலந்து, இறுகுவதற்குள் உருட்டி, ஸ்டீல் கம்பியில் கோத்து நாங்களே செய்துவிடுவோம். இது மட்டமான வைத்தியம் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சிமென்ட் இறுகும்போது சூடாகும். அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்தை மட்டுமே கலக்க முடியும். வான்கோமைசின், ஜென்டாமைசின், டோப்ராமைசின் தாங்கும். அடுத்தது, சிமென்ட் கரையாது. முதல் சில நாளில் மேற்பரப்பிலிருக்கும் மருந்து நிறைய வெளியே வரும், பிறகு குறைந்துகொண்டே போகும், மிச்சம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மருந்து தீர்ந்த மணி கிருமிக்குப் புது இடமாகிவிடும். அதனால் சொன்ன தேதியில் வந்து எடுத்துவிட வேண்டும். வலி போய்விட்டதென்று வராமல் இருந்துவிடுகிறார்கள். அறுவடை, பங்காளி வீட்டுக் கல்யாணம், லீவு கிடைக்கவில்லை என்று காரணம் எல்லாம் நியாயமாகவே இருக்கும். இருந்தாலும் வந்துவிடுங்கள்.

எலும்பில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டால் சிமென்டைத் தவிர்க்க முடியாத ஒரு முறையும் இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த மாஸ்க்லே என்ற சர்ஜனின் பெயரில் வழங்குவது. இடைவெளியில் மருந்து கலந்த சிமென்ட் கட்டியை வைத்து ஆறு முதல் எட்டு வாரம் விட்டால், உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வை வளர்க்கும். அப்புறம் சவ்வைப் பக்குவமாகத் திறந்து, சிமென்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளை அதற்குள் நிரப்புவார்கள். அந்தச் சவ்வில் ரத்த ஓட்டம் உண்டு, எலும்பு வளர உதவும். வெல்டர் தம்பிக்கு இப்படித்தான் செய்தார்கள். ராடை எடுத்துவிட்டு, வெளியே கம்பி வளையம் மாட்டி எலும்பை நிறுத்தியிருந்தார்கள். “மணி வைக்கறேன்னாங்க, கடைசியில கட்டி வச்சிருக்காங்களே” என்று அவன் அம்மா வருத்தப்பட்டார். கரையும் மணி குழியை நிரப்பும். அவ்வளவு பெரிய இடைவெளியில் எலும்பு வளர அது மட்டும் போதாது.

மருந்தே கலக்காமல் வேலை செய்யும் பொருளும் உண்டு. எஸ்53பி4 என்ற பயோஆக்டிவ் கண்ணாடித் துகள், தன்னைச் சுற்றியுள்ள இடத்தின் காரத்தன்மையையும் உப்புச் செறிவையும் ஏற்றிக் கிருமியை வளரவிடாமல் செய்யும். கொலாஜன் பஞ்சில் ஜென்டாமைசின் ஏற்றியது இன்னொரு வகை. அது மருந்தைச் சில நாளிலேயே விட்டுவிடும். எதை வைப்பது என்பது குழியின் அளவு, கிருமி, மேலே மூடத் தசையும் தோலும் இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. மேலே மூடத் தசையும் தோலும் இல்லாத எலும்பில் எந்த மணியும் நிற்காது. அங்கே பிளாஸ்டிக் சர்ஜனும் கூட நிற்க வேண்டும்.

வான்கோமைசின் எல்லாக் கிருமிக்கும் கேட்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமிக்கு அது நல்ல மருந்து. க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு அதனால் பிரயோஜனமில்லை. இவை நம் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி வருகின்றன, பல மருந்துகளுக்குப் பழகியும் போயிருக்கின்றன. அதனால்தான் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்து மணியில் கலக்கும் மருந்தை மாற்றுகிறார்கள்.

இனி வீட்டுக்குப் போன பிறகு. கரையும் மணி வைத்தவர்களுக்குக் காயத்திலிருந்து நீர் கசியலாம். கொளத்தூரிலிருந்து வந்த ஒரு சர்க்கரை நோயாளி அம்மாவுக்குப் பாதத்தில் மணி வைத்தோம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஒரு நாள் ராத்திரி அவர் மகள் போன் செய்தாள். “வெள்ளையா ஊத்துது சிஸ்டர், மறுபடி சீழ் வந்துருச்சு” என்று அழுகை. கட்டின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீராக, லேசாகப் பால் கலந்தாற்போல். நாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் கூடவில்லை. அது மணி கரைந்து வரும் நீர். மறுநாள் காலையில் வந்து காட்டினார்கள், டாக்டரும் அதையே சொன்னார். கட்டு நனைந்தால் மாற்றிக்கொண்டே இருந்தார்கள், வாரங்களில் நின்றுவிட்டது. கெட்டியாக, மஞ்சளாக அல்லது பச்சையாக வந்தால், நாற்றம் இருந்தால், சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால் காத்திருக்கவே கூடாது. எதுவானாலும் படம் எடுத்துக் காட்டுங்கள். நீங்களாக மஞ்சள் தூளோ காப்பித் தூளோ போட்டு மூடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் மணிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், அடுத்தடுத்த எக்ஸ்ரேயில் மங்கி மறையும். மணி காணாமல் போய்விட்டது என்று பதறியவர்கள் உண்டு. போகத்தான் வைத்தோம். நிறைய மணி வைத்தவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், அசதி, குழப்பமான பேச்சு இருந்தால் கால்சியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் கூடவே.

மணி வைத்தாலும் பெரும்பாலும் ஊசியோ மாத்திரையோ தொடரும். மாத்திரை என்றதும் “அவ்வளவுதானா” என்று முகம் சுருங்குகிறது. பிரிட்டனில் 1,054 நோயாளிகளிடம் நடத்திய ஓவிவா என்ற ஆய்வு 2019-இல் வெளிவந்தது. எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு முதல் ஆறு வாரம் சரியாகத் தேர்ந்தெடுத்த மாத்திரை கொடுத்தது நரம்பு ஊசியைவிடக் குறைந்ததில்லை என்று அது காட்டியது. ஆனால் மாத்திரையைச் சாப்பிடும் விதம் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசினைப் பால், கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மருந்தோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாக ஏறாது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். அது ரத்தம் இல்லை. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிஃபாம்பிசின் அவற்றின் வேலையைக் குறைத்துவிடும். லினிசோலிட் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ரத்த அணுக்கள் குறையலாம். வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டும்.

அப்புறம் பத்தியம். “புண்ணு சீழ் பிடிக்கும்” என்று கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சாதத்தில் நோயாளியை வைத்திருப்பார்கள். அக்கறையில் செய்வதுதான், புரிகிறது. ஆனால் தசையும் எலும்பும் வளரப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் கொடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சியர்னியும் மேடரும் 1985-இல் எலும்புத் தொற்றை வகைப்படுத்தியபோது, எலும்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதோடு நோயாளியின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கில் எடுத்தார்கள். சர்க்கரை, சத்துக்குறைவு, புகை எல்லாம் அதில் வரும். பீடி, சிகரெட் நிறுத்தாதவர்களின் காயம் ஆறத் திணறுவதைத் தினமும் பார்க்கிறேன். புகையிலைப் பாக்கும் அதே நிகோட்டின்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி தண்ணீர் ஏறும் பகுதியில் தரைத்தளத்தில் இருந்தால், கம்பி வளையம் போட்டவரை முன்கூட்டியே மாடி வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ மாற்றிவிடுங்கள். தெருத் தண்ணீர் கம்பி நுழையும் ஓட்டைகளில் படவே கூடாது. நனைந்துவிட்டால் கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்ய அன்றைக்கே வந்துவிடுங்கள்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை எனக்குத் தெரிந்து சில உண்டு. செத்த எலும்பு முழுவதும் எடுக்கப்படுமா, உள்ளே இருக்கும் பிளேட், ராடு இருக்குமா, போகுமா. எத்தனை மாதிரி அனுப்புவீர்கள். வைக்கும் பொருள் கரைவதா, எடுக்க வேண்டியதா. எடுக்க வேண்டியதென்றால் எப்போது. காப்பீட்டில் இந்த மணிக்கான செலவு சேருமா, தனியாகக் கட்ட வேண்டுமா. முன்பு எந்த ஆன்டிபயாட்டிக்குக்காவது உடம்பு தடித்ததா, மூச்சு இரைத்ததா என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். மணிக்குள் போய்விட்ட மருந்தை உடனே நிறுத்த வழியில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மணியின் பொருள், கலந்த மருந்து, அதன் அளவு மூன்றும் எழுதியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கல்ச்சர் ரிப்போர்ட் சில நேரம் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு வரும். போய் வாங்கி அதே ஃபைலில் வையுங்கள். பழைய எக்ஸ்ரேக்கள், தொற்றின் வேகத்தைக் கவனிக்க எடுக்கும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுகள், உள்ளே வைத்த கம்பியின் ஸ்டிக்கர் எல்லாம் தேதி வாரியாக இருக்கட்டும். எலும்புத் தொற்று அடங்கிப் பல வருடம் கழித்தும் திரும்பலாம். அப்போது நீங்கள் வேறு ஊரில் இருக்கலாம், வேறு டாக்டர் பார்க்கலாம். பழைய இடத்தில் ராத்திரி வலியோ, வீக்கமோ, ஒரு சொட்டு கசிவோ தெரிந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்குவதற்கு முன் அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போங்கள்.